பனிக்கு அடியில் எவ்வளவு வெளிச்சம்

வெளிச்சம் அளக்கும் கருவியின் நீண்ட கம்பிக் கையை இவாலு சறுக்குவண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மேல்கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவின் உதட்டை நனைக்கிற பஞ்சு இன்னும் கையில் இருந்தது.

"அப்ப நீ போகத்தான் போற?"

"சீக்கிரம் வந்துடுவேன்மா."

"நர்ஸ் சொன்னது காதுல விழலையா உனக்கு? இன்னிக்கோ நாளைக்கோன்னா."

"அவருதானே போகச் சொன்னாரு."

"அவரு எங்க சொன்னாரு? அவர் உடம்புல ஓடுற மருந்து சொல்லுது."

இவாலு கயிற்றை இறுக்கினாள். மருந்து பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும். பல நாட்களுக்குப் பிறகு இன்று காலைதான் அப்பா கேடியனுக்குக் கண் தெளிந்திருந்தது. காப்பி கொதிக்கிற வாசனைக்குத் தலையைத் திருப்பினார். தலைநகர் நூக்கின் மருத்துவமனையிலிருந்து விமானத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பிறகு, அவரைக் கடல் தெரிகிற ஜன்னலோரம் படுக்கவைத்திருந்தார்கள். சூரியன் மறைவதையே நிறுத்திவிட்ட மே மாதம். திரைச்சீலையையும் மீறி வெளிச்சம் அவர் போர்வைமேல் கிடந்தது.

"இவாலு," என்றார். "பாறைமுனையில பனிப்பாளம் மெலிசா இருக்குமே. அங்க அளந்திருக்கியா?"

"இல்லப்பா. அங்க யாரும் போறதில்லையே."

"அங்க ஒண்ணுக்கு மேல இருக்கும். இல்ல?"

அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே புரிந்தது.

இரண்டு வருடமாக இவாலு பல்கலைக்கழகக்காரர்களிடம் வேலை பார்க்கிறாள். கடற்பனியில் துளை போட்டு, கம்பிக்கையை அதில் இறக்கி, அடியில் மடக்கி, பாளத்தைத் தாண்டி எவ்வளவு வெளிச்சம் கடலுக்குள் போகிறது என்று அளக்கிற வேலை. வெளிச்சம் போனால்தான் பாளத்தின் அடியில் பாசி பிடிக்கும். பாசியிலிருந்துதான் மற்ற எல்லாம், மீன், கடல்நாய், மனிதர்கள். ஏப்ரலில் ஒரு நாள் சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லிவிட்டாள். "மேல நூறு பங்கு வெளிச்சம் விழுந்தா அடியில ஒரே ஒரு பங்குதாம்ப்பா போகுது. மிச்சத்தையெல்லாம் தூள்பனி தடுத்துடுது."

கேடியன் சூப்புக் கிண்ணத்தில் கரண்டியைப் போட்டுவிட்டார். "ஒண்ணுதானா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சாப்பிடவில்லை. நோய்தான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இன்று காலை அவர் கையை நீட்டி அவள் சட்டையின் நுனியைப் பிடித்தார்.

"தோபியாஸ் இருட்டுக்குப் பயப்படுவான். உனக்குத் தெரியாது. பெரிய வேட்டைக்காரன்னு ஊரே சொல்லும். குளிர்காலத்துல சூரியன் போயிடுச்சுன்னா ராத்திரி ஒண்ணுக்குப் போக என்னை எழுப்புவான். நான் தம்பி. நான் துணைக்குப் போகணும்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. இருமல் ஓய்ந்ததும், "போய் அளந்துட்டு வந்து சொல்லு," என்றார்.

தோபியாஸ் அவருடைய அண்ணன். ஒரு மே மாதத்தில் இரண்டு பேரும் இரண்டு வண்டிகளில் முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன கேடியன் திரும்பிப் பார்த்தபோது பின்னால் நாய்களும் இல்லை, வண்டியும் இல்லை, கறுப்பாக ஒரு தண்ணீர்வட்டம் மட்டும் இருந்தது. கோடையில் பனி உடைந்த பிறகும் உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தோபியாஸின் பெயரில் ஒரு வெள்ளைச் சிலுவை நிற்கிறது. அதற்கடியில் யாரும் இல்லை.

இவாலு கடைசி முடிச்சைப் போடும்போது சகேயு நாய்களை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தோபியாஸின் மகன். அப்பா போனபோது அவன் தாய் வயிற்றில் இருந்தான். இப்போது அவன் தாடியில் நரை. எங்கே போகிறோம் என்று வயர்லெஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னான்.

"சகேயு, நீயாவது சொல்லேன் இவளுக்கு," என்றாள் அம்மா. "முனைக்கு வேண்டாம்டா. இந்த மாசத்துல அங்க யார் போறா?"

"ஓரமாத்தான் போவோம் சித்தி. உங்க பொண்ணை ஒரு சொட்டு நனையாம கொண்டாந்து விட்டுடுறேன். நான் நனைஞ்சா பரவாயில்லையா, அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

அம்மா தபீதா சிரிக்கவில்லை. "உங்கம்மாவுக்கு ஏற்கெனவே ஒருத்தரைப் பத்திப் பதில் சொல்ல முடியாமத்தான் இவரு இத்தனை வருஷமா அவங்க வீட்டு வாசல்ல குனிஞ்ச தலையோட மீன் வச்சுட்டு வந்தாரு. என்னையும் அப்படி வைக்க விடாதே."

சகேயு நாய்களின் வாரைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

"வயர்லெஸ்ஸைத் தொறந்தே வை," என்றாள் தபீதா மகளிடம். "மூச்சு மாறினா கூப்பிடுவேன். எதையும் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வரணும். அளக்கறது, எழுதறது, ஒண்ணும் கிடையாது."

"சரிம்மா."

"சரின்னு சொல்லாதே. வா."

கரையோரப் பிளவுகளைத் தாண்டிச் சமதளப் பனிக்கு வந்ததும் நாய்கள் வேகமெடுத்தன. இவாலு வயர்லெஸ்ஸை மார்புக்குள் கோட்டுக்கடியில் வைத்திருந்தாள், பேட்டரி குளிரில் செத்துவிடாமல் இருக்க. அதனால் அம்மாவின் குரல் முதல் தடவை வந்தபோது தன் நெஞ்சிலிருந்தே வந்ததுபோல் இருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"பாதி தூரம்மா. அப்பா?"

"தூங்குறாரு. நடுநடுவே மூச்சை நிறுத்திட்டு அப்புறம் இழுக்கறாரு. நான் எண்ணிக்கிட்டே உட்காந்திருக்கேன். வேகமா போ, வேகமா வா."

சகேயு திரும்பிப் பார்த்தான். "திரும்பிடலாமா?"

திரும்பினால் அப்பா கண் விழித்துக் கேட்பார். திரும்பாவிட்டால் அவர் விழிக்காமலே போகலாம். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, அதுவே பதிலாகிவிட்டது.

இன்னொரு முறை அம்மா கூப்பிட்டாள். "எழுந்துட்டாரு. நீ எங்கேன்னு கேக்கறாரு. வேகமா வா இவாலு." அதற்குப் பிறகு முனையின் கறுப்புப் பாறைச் சுவர் அவர்களுக்கும் குடியிருப்புக்கும் நடுவில் வந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். அவள் அதைத் தட்டிப் பார்த்தாள், தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். இரைச்சல்தான்.

முனைக்கு அப்பால் பனியின் நிறமே வேறு. காற்று தூள்பனியைப் பெருக்கித் தள்ளியிருந்தது. பாளம் சாம்பல் நிறமாக, சில இடங்களில் ஈரத்துணி போல, கிடந்தது. அடியில் நீரோட்டம் ஓயாமல் தேய்க்கிற இடம். நாய்கள் தாமாகவே நின்றன. தலைவி நாய் பாளத்தை முகர்ந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"இதுக்கு மேல அவ வரமாட்டா," என்றான் சகேயு. "என்னைவிட புத்தி ஜாஸ்தி."

இரும்பு முனை வைத்த கழியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் ஒரு குத்து. குத்துகிற சத்தம் கெட்டியாக இருக்கிற வரைக்கும் இவாலு அவன் தடத்திலேயே கால் வைத்து நடந்தாள். இருவர் இடுப்பையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. ஓரிடத்தில் சத்தம் மாறியது. கழியைப் பிடுங்கியபோது குத்திய ஓட்டையிலிருந்து தண்ணீர் மெல்ல ஊறி மேலே பரவியது.

"போதும்," என்றான். "இங்கயே வச்சுக்கோ உன் கச்சேரியை."

இரண்டு முழம் பின்வாங்கி, கெட்டியான இடத்தில் துளை போட்டார்கள். வழக்கமாக அவள் வேலை செய்கிற இடத்தில் பாளத்தைத் துளைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை வலிக்கும். இங்கே துளைக்கிற மெஷினின் முனை பொசுக்கென்று உள்ளே போயிற்று.

மேலே வானத்தைப் பார்க்கிற சென்சாரை முக்காலியில் நிறுத்தினாள். இன்னொன்று கம்பிக்கையின் நுனியில் இருந்தது. கம்பிக் கையைத் துளையில் இறக்கி, கயிற்றை இழுத்து மடக்கினால், நுனி துளையை விட்டுத் தள்ளிப்போய், யாரும் மிதிக்காத பாளத்தின் அடியில் நின்று மேலே பார்க்கும். அவள் முழங்கால் போட்டு இறக்கினாள். உடனே நீரோட்டம் அதைப் பிடித்து இழுத்தது. கீழே யாரோ கைகுலுக்குவதுபோல் கம்பி அவள் பிடிக்குள் துடித்தது. சகேயு வந்து கூடப் பிடித்துக்கொண்டான்.

திரையில் எண்கள் ஓடின. அவள் பதிவு செய்யப்போகும் நேரத்தில் மேகம் வந்து சூரியனை மூடியது. மேலேயும் இருண்டது, கீழேயும் இருண்டது. எண்கள் நிலைகொள்ளாமல் தாவின.

"எழுதிக்கோயேன்," என்றான் சகேயு.

"மேகம் நகரும்போது எடுத்தா தப்பா வரும்ண்ணே."

"சித்தப்பாவுக்கு யார் பரீட்சை வைக்கப்போறா?"

அவள் மேகத்தையே பார்த்தாள். அது கிழவன் நடையில் நகர்ந்தது. முழங்காலுக்கடியில் பனி கசிந்து ஈரம் ஏறுவது தெரிந்தது. எங்கோ தூரத்தில் பாளம் ஒன்று நீளமாக முனகியது. நாய்கள் எழுந்து நின்றன. அப்பா இந்த நிமிடம் மூச்சை நிறுத்தியிருப்பாரோ, அம்மா எண்ணிக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தாள். தானும் மனசுக்குள் எண்ணத் தொடங்கியதை உணர்ந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"எதுக்குக் கேக்கறாருன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. நீ சொல்லலை, நான் கேக்கலை."

சொன்னாள். இருட்டுக்குப் பயப்படுகிற அண்ணனைப் பற்றி, தம்பியை எழுப்பித் துணைக்கு அழைத்துப் போனதைப் பற்றி. சகேயு கம்பியைப் பிடித்தபடியே கேட்டான். அவன் கண்களைப் பார்க்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"எங்கம்மா இதைச் சொன்னதே இல்ல," என்றான் கடைசியில். "நான் இப்பவும் விளக்கைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறேன். பொண்டாட்டி திட்டுவா, கரண்டு உங்கப்பன் வீட்டுச் சொத்தாம்பா. அப்பன் வீட்டுச் சொத்துதான் போலிருக்கு அந்தப் பயம்."

மேகம் விலகியது. பாளம் முழுக்கப் பளீரென்று எரிந்தது. எண்கள் நடுங்கி, நின்றன. அவள் பதிவு செய்தாள், மறுபடி செய்தாள், மேலே உள்ளதால் வகுத்தாள்.

"எவ்வளவு?"

"பதினொண்ணு."

"நூறுலயா?"

"நூறுலதான்."

அவன் உதட்டைப் பிதுக்கினான். "பதினொண்ணுன்னா கம்மிதானே?"

"இல்லண்ணே. கண்ணுக்கு அது கம்மி கிடையாது. வெயில் அவ்வளவு பெரிசு. நம்ம வீட்டுல விளக்கு போடறோமே, அது இந்தக் கணக்குல அரைப் பங்குகூட வராது. இங்க அடியில இருந்து பாத்தா நல்லாத் தெரியும். முகம் தெரியும், விரல் தெரியும்."

"பாளத்துக்குப் பக்கத்துல. கீழ போகப் போக?"

"குறையும்."

"எவ்வளவு?"

"இந்தக் கம்பி அவ்வளவு தூரம் போகாதுண்ணே."

அவன் தலையாட்டினான். அவள் கம்பியை மடக்கி வெளியே எடுத்ததும், வண்டிக்குப் போய்த் தார்ப்பாயை எடுத்து வந்தான். துளையருகே குப்புறப் படுத்து, தலைக்குமேல் தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு, மேல்வெளிச்சம் உள்ளே வராதபடி ஓரங்களைக் கையால் அமுக்கிக்கொண்டான். மீன் இருக்கிறதா என்று பார்க்க ஊரில் எல்லோரும் செய்வதுதான். இவாலு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அசையவில்லை. அவசரம்தான், ஆனாலும் நின்றாள். தார்ப்பாய் ஒரு முறை விம்மித் தாழ்ந்தது.

அவன் எழுந்தபோது தாடியெல்லாம் ஈரமாக இருந்தது. என்ன பார்த்தான் என்று அவள் கேட்கவில்லை. "வா," என்றான், "ஓடலாம்."

திரும்பும்போது நாய்களுக்கு விரட்டல் தேவைப்படவில்லை. பாறைச் சுவரின் விளிம்பு நெருங்க நெருங்க, இவாலு வயர்லெஸ்ஸைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டாள். சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கினாள். பதினொன்று என்று மட்டும் சொல்லக்கூடாது. மறுபடி அந்தத் தப்பைச் செய்யக்கூடாது. வீட்டு விளக்கை விட அதிகம், முகம் தெரியும், அதை முதலில் சொல்ல வேண்டும். அம்மா வயர்லெஸ்ஸை அவர் காதோடு வைத்தால் போதும்.

முனையைத் தாண்டினார்கள். இரைச்சல் அடங்கியது.

"அம்மா. அம்மா, கேக்குதா? அளந்துட்டோம்மா."

பிறகு பொத்தானை அழுத்துகிற சத்தம்.

"கேக்குது," என்றாள் தபீதா. "மெதுவா வாங்க."

இவாலு காத்திருந்தாள்.

"ஓரமாப் பாத்து மெதுவா வாங்க. அவசரம் இல்ல."

சகேயு நாய்களுக்கு ஒரு குரல் கொடுத்தான். அவை ஓட்டத்தைக் குறைத்து நடந்தன. குடியிருப்பின் சிவப்பு, மஞ்சள், பச்சை வீடுகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வந்தன. யாரோ கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே காப்பி வாசனை இன்னும் போகவில்லை. கேடியனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா தாடையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். பல்வலிக்காரர்போல இருந்தார். இவாலு கட்டிலருகே போய் நின்றாள். அவர் கை போர்வைக்கு வெளியே இருந்தது. தொட்டாள். இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. அதைத் தாங்க முடியாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"வலி இல்ல," என்றாள் தபீதா. "நர்ஸ் வந்து ஊசி போட்டுட்டுப் போனா. அப்புறம் நல்லாத்தான் பேசினாரு."

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு. அளந்தாச்சா, அளந்தாச்சான்னு." தபீதா போர்வையின் ஓரத்தை நீவினாள். நீவிய இடத்தையே மறுபடி நீவினாள். "உங்ககிட்டேருந்து சத்தமே இல்ல. இரைச்சல்தான். நீங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளயோன்னு எனக்கு… அவருக்கு அதைக் காட்ட முடியுமா? உங்க பொண்ணு இப்பத்தான் வயர்லெஸ்ல சொன்னான்னு சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னே?"

"பாதின்னு சொன்னேன்."

சகேயு கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"நூறுல பாதியான்னு கேட்டாரு. ஆமான்னேன். அவளே சொன்னாளான்னாரு. அவளேதான்னேன். பாதின்னா தாராளம்னாரு. அப்புறம் ஒண்ணும் கேக்கலை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு." தபீதா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இத்தனை நேரமும் நேராக இருந்த அவள் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. "சரியாத்தானே சொன்னேன்? எவ்வளவு இருந்துச்சு?"

இவாலு வாயைத் திறந்தாள். வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. விளக்கு, வெயில், முகம், விரல், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள் என்பதே நினைவில்லை.

"பாதிதான் சித்தி," என்றான் சகேயு. "நான் கூட இருந்து பாத்தேன். ரெண்டு தடவை அளந்தா இவ. பாதி."

தபீதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்வையை விலக்கவில்லை. பிறகு அவள் மெல்லத் தலையாட்டினாள்.

"உங்கம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்," என்றாள்.

"நான் முன்னால போறேன். நாய்ங்களை அவிழ்க்கணும்." அவன் வெளியே போனான். கதவு சாத்திய பிறகு படியில் இறங்குகிற சத்தம் உடனே கேட்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

பாதிரியாருக்குச் சொல்ல வேண்டும், தச்சனுக்குச் சொல்ல வேண்டும், சொந்தக்காரர்கள் வருவதற்குள் வீட்டைக் கூட்ட வேண்டும் என்று தபீதா வேலைகளைச் சொல்லிக்கொண்டே எழுந்தாள். அதற்கு முன்னால் குளிப்பாட்ட வேண்டும். அடுப்பிலிருந்த பெரிய பாத்திரத்தை இருவருமாகப் பிடித்து இறக்கி, தொட்டியில் ஊற்றினார்கள். ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியில் படிந்தது. இவாலு அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். தோளெலும்பு இவ்வளவு சிறியதாக இருந்ததா என்று நினைத்தாள். துண்டை நனைக்கக் குனிந்தவளை அம்மா தடுத்தாள்.

தபீதா தன் சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றி, முழங்கையைத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் பச்சைத் தண்ணி எடுத்துட்டு வா," என்றாள். "அவருக்குச் சுடும்."